மண்டலம் முடியுமுன்

“மண்டலம் முடியட்டும் என்று சொன்னவர் நீங்கள்தானே? அதற்குள் என் இடத்தை லூர்துவுக்குக் கொடுக்க எப்படி மனம் வந்தது?”

“கொடுக்கவில்லை, மேரி. நீ தடுமாறினால் எடுத்துக் கொடுக்க அவள் பக்கத்தில் இருக்கட்டும் என்றேன். அவ்வளவுதான்.”

“யாரிடம் சொன்னீர்கள்? தெரு முழுவதும்! எனக்கு அந்தத் துணை நக்கோ, வேண்டவே வேண்டாம்!”

செகந்திராபாத்தை அடுத்த மல்காஜ்கிரியின் கரும்பாறைகள் பகலெல்லாம் பருகிய வெயிலை மெல்ல உமிழ, பணிமனையிலிருந்து மீண்டோரின் மிதிவண்டி மணிகள் ஒலித்து அடங்க, துலக்கிய செம்பென வானம் ஒளிர்ந்த அக்டோபர் மாலை அது. எழுபதுகளின் தொடக்கம். இரயில்வே குடியிருப்பின் தமிழ்க் கிறித்தவர் அம்மாதம் முழுதும் நாளுக்கொரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வர். அதன் முடிவில் அன்னை மரியாளின் புகழ்ப்பெயர்களை ஏடு பாராமல் ஒன்றன்பின் ஒன்றாக அழைப்பவள் ஆரோக்கியமேரி. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் அலையெனப் புரண்டு மறுமொழி கூறும். அந்தச் சிறு அரசுக்கு அவளே அரசி.

சென்ற ஆண்டு, நடு ஆற்றில் துடுப்பை நழுவவிட்டவள்போல் பாதியில் நின்றுவிட்டாள். இவ்வாண்டு செபமாலை மாதம் நெருங்கவே, பணிமனைத் தொழிலாளியான கணவர் ஜேம்ஸ் அவளைச் செகந்திராபாத்துச் சித்த மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். “சிறு மறதிதான். வல்லாரை சிலருக்குத் துணை செய்யும், சிலருக்குச் செய்யாது. ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் உண்டு பாருங்கள், புளி கூடாது” என்றார் அவர். தெலுங்குக் கீரைக்காரி ‘சரசுவதி ஆகு’ என்று கூவி விற்கும் அவ்விலையை, விடியல்தோறும் ஜேம்சே அம்மியில் அரைத்து நீட்டினார். ஊரே கோங்குராக் கீரையின் புளிப்பில் நாவூறித் திளைக்க, அவளோ அக்கசப்பை விழுங்கிக் காத்திருந்தாள்.

“இதோ பாருங்கள்!” என்று நாவை நீட்டினாள். “பச்சை போகவேயில்லை. மாடுபோல் மேய்ந்திருக்கிறேன். உங்களுக்குப் புளிக்குழம்பு ஊற்றிவிட்டு நான் பாற்சோறு தின்றேன். மிச்ச நாள் உங்களால் பொறுக்க முடியவில்லையா?”

“அன்று நீ நின்றபோது பிள்ளைகள் சிரித்தார்கள், மேரி. என்னால் தாங்க முடியவில்லை.”

“உங்களாலா? நின்றவள் நான்!”

அறிவுடையீர், அவள் சினத்தை முதுமையின் சிடுசிடுப்பென்று ஒதுக்கிவிடாதீர்கள். மறதி அவளிடமிருந்து சில சொற்களையே கவர்ந்தது. அன்போ, மருந்து தன் வேலையை முடிக்குமுன்பே தோல்வியைத் தெருவுக்கு அறிவித்துவிட்டு, அவள் அமரும் இடத்தையே கவர வந்தது. பகைவர் செய்தால் எதிர்த்துப் போரிடலாம். இலை அரைத்துத் தந்த கையே இதைச் செய்தால் எவரிடம் முறையிடுவது?

அன்றைய செபம் அவர்கள் வீட்டில்தான். பாய்கள் நிறைந்தன, மெழுகுதிரி ஏற்றப்பட்டது. எதிர்வீட்டு லூர்துமேரி செபநூலை முந்தானையில் மறைத்தவாறு, தலை தாழ்த்தி, ஆரோக்கியமேரியின் அருகில் வந்து அமர்ந்தாள். செபமாலையின் இறுதி மணி உருண்டது. கூட்டம் ஆரோக்கியமேரியை நோக்கித் திரும்பியது.

அவள் லூர்துமேரியின் பக்கம் சாய்ந்தாள்.

“லூர்து, நான் எங்கே நின்றாலும் நீ வாய் திறக்காதே. எவ்வளவு நேரமானாலும் சரி, நானே தேடி எடுத்துக்கொள்கிறேன். பேசாமல் இருப்பாயா?”