ஷோகிர் கடித்த சுவர்

முனவ்வரா பூசிய சுவரை விடிவதற்குள் யாரோ கடித்துவிட்டுப் போயிருந்தார்கள். உள்ளங்கை அகலத்துக்கு, நல்ல ஒரு வாய். பூனை, பெருச்சாளி என்று பேச்சு வளரும் முன்பே மாமியார் ஹஃபீஸா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனாள். மேல்வரிசையில் ஒரு பல் பாதிதான் பதிந்திருந்தது. "எம் புள்ள பல்லு எனக்குத் தெரியாதா? ஆப்ரிகாட் கொட்டையக் கடிச்சு ஒடைச்சுக்கிட்டது" என்றாள். பிள்ளை ஷோகிர் அப்போது ருஷ்யாவில் இருந்தான், ரயிலில் நாள்கணக்காகப் போகிற தூரத்தில்.

இஸ்ஃபரா ஆற்றோரத்து எங்கள் ஊரில் பூச்சுவேலை தெரியாத ஆண் கிடையாது. ஊரில் இருக்கிற ஆணும் கிடையாது. எல்லாரும் ருஷ்யாவில் அடுக்குமாடிகளுக்குப் பூசிக்கொண்டிருந்தார்கள். ஊரான் வீட்டுச் சுவர் பளபளக்க, சொந்த வீட்டுச் சுவர் பல்லிளித்தது. அந்த ஆண்டு வசந்த மழையில் ஷோகிர் வீட்டு மேற்கு அறையின் உள்பூச்சு பாளம் பாளமாக விழுந்து, சுடாத பச்சைச் செங்கல் தெரிந்தது. பனிக்கு முன் பூசாவிட்டால் சுவரே உட்கார்ந்துவிடும். "பத்துப் பேரக் கூப்பிட்டு, பலாவ் ஆக்கிப் போட்டு ஒரே நாள்ல முடிக்கிற வேலை. இப்பக் கூப்பிட்டா கிழவிங்களும் முல்லாவும்தான் வருவாங்க. பலாவுக்குத்தான் நஷ்டம்" என்று ஹஃபீஸா முற்றத்தில் நின்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். முனவ்வரா பூச்சுக்கரண்டியை எடுத்தாள். ஷோகிர் போனிலேயே பாடம் நடத்தினான்.

"மண்ணும் வைக்கோலும் நல்லா ஊறிடுச்சா?"

"ஊறிடுச்சுங்க."

"நாறுதா?"

"உங்க காலுறை மாதிரி நாறுது."

"அப்பச் சரி, பூசு."

பூசினாள். மொத்தமும் அவள் தலையிலேயே விழுந்தது. "சொவத்துக்கு மொதல்ல தண்ணி தெளிச்சியாடி?" என்று கேட்டான். "நீங்க சொல்லவே இல்லையே!" என்று அவள் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கழுதை மிரண்டது. அடுத்த தடவை தெளித்தாள், நின்றது. மேடும் பள்ளமுமாக, ஆனாலும் நின்றது. பெருமையில் மளமளவென்று பூசிக்கொண்டே போனவள் ஆணியருகே வந்து திகைத்தாள். ஆணியில் ஷோகிரின் ரொட்டி தொங்கியது.

பயணம் போகிறவன் வாசலில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகிற ரொட்டி அது. மிச்சத்தை அவனே திரும்பி வந்து தின்ன வேண்டும்; அதுவரை அதை யாரும் இறக்கக் கூடாது. இறக்கினால் போனவனுக்கு வழி அறுந்துபோகும். வேலை தெரிந்தவனாக இருந்தால் சுற்றி இடம் விட்டுப் பூசியிருப்பான். கற்றுக்குட்டி முனவ்வரா ரொட்டியோடு சேர்த்துப் பூசிவிட்டாள். மறுநாள் காலையில்தான் முதல் கடி.

அன்று போனில் ஷோகிர், வாயெல்லாம் வைக்கோல் ருசி, ஆனால் வயிறு நிறைந்திருக்கிறது என்றான். இலையுதிர் காலத்தில் போன் நின்றது. மேஸ்திரி பாஸ்போர்ட்டுகளைப் பிடுங்கிக்கொண்டு ஆட்களை எங்கோ கொண்டுபோனதாகச் சந்தையில் பேச்சு. கடி மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் அகலமாகிக்கொண்டே வந்தது. சில நாள் செங்கல் வரை போயிருந்தது. முனவ்வரா அழுதுகொண்டே தினமும் பள்ளத்தை அடைத்தாள். சாந்தில் உப்புப் போட்டாள், மாவு பிசைந்தாள், ஆட்டுவால் கொழுப்பை உருக்கி ஊற்றினாள். ஹஃபீஸா உலர்ந்த ஆப்ரிகாட்டைப் பதித்துவைத்தாள். காலையில் சுவரடியில் கொட்டைகள் உடைந்து கிடந்தன, பருப்பைக் காணோம். "அந்த ஒடைஞ்ச பல்லை வெச்சுக்கிட்டு மறுபடியும் கொட்டை கடிக்கிறான் பாரு, திருந்தாத ஜென்மம்" என்று திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சுவரை உடைத்து ரொட்டியை எடுத்துவிடச் சொன்னார் முல்லா. "அவரு வாயிலருந்து பிடுங்கச் சொல்றீங்களா?" என்றாள் முனவ்வரா. முல்லா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பூசிப் பூசி அவள் கை தேறிவிட்டது. பனி கொட்டிய ஒரு காலையில் எழுந்து பார்த்தால், சுவர் முழுதாக இருந்தது. வெடிப்பில்லை, மேடு பள்ளமில்லை, மூலை நூல் பிடித்தாற்போல். பக்கத்து வீட்டு ருக்கியா பால் வாங்க வந்தவள், "அடியே முனவ்வரா, ஆம்பளைங்களே தோத்தாங்க போ!" என்று மெச்சினாள். பிறகுதான் முனவ்வராவின் முகத்தைப் பார்த்தாள். ஹஃபீஸா சுவரில் உள்ளங்கையால் அடித்து, "தின்னுடா, ஒரு வாய் தின்னுடா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். முனவ்வரா வாளிச் சாந்தை முற்றத்துப் பனியில் கொட்டினாள்.

பனி உருகியபோது ருஷ்யாவிலிருந்து ஆள்நீளத் தகரப் பெட்டி வந்தது. மூடி பற்றவைத்திருந்தது, திறந்து காட்டும்படி யாரும் கேட்கவில்லை.

இப்போது எங்கள் ஊரில் புருஷனை ரயிலேற்றிவிட்டு வருகிற பெண்கள் கடித்த ரொட்டியைச் சுவருக்குள் வைத்துத்தான் பூசுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு, வைக்கோல் எவ்வளவு என்று முனவ்வரா கற்றுக்கொடுக்கிறாள். காலையில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டிடம் போகிறார்கள். பள்ளம் விழுந்த வீடுகளில் சாந்து குழைக்கிற சத்தமும் ஏச்சும் சிரிப்பும் கேட்கும். பூச்சு குறையில்லாமல் நிற்கிற வீட்டுக்கு முனவ்வரா, யாரும் கூப்பிடாமலே, போய் உட்கார்ந்துகொள்கிறாள்.