முப்பது விநாடி

"சிலிண்டருக்குள்ள என்ன நடக்குதுன்னா சம்பந்தி..." என்று விமானத்தின் இருக்கையில் உட்கார்ந்தபடி சம்பந்தி ஆரம்பித்தபோது, ஃபிட்டர் சக்கரத்துக்கு அடியில் கட்டையைச் செருகிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வருஷம் பேருந்துப் பணிமனையில் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவருக்கு, கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர் சிலிண்டரைப் பற்றிச் சொல்லித் தருகிறார். காது புளித்துப் போயிருந்தது. ஆனாலும் "அப்படிங்களா" என்றார் ஃபிட்டர். பெண்ணைக் கொடுத்த இடம். ஆறு வருஷமாக இந்த "அப்படிங்களா"வை வைத்துத்தான் ஒரு விமானத்தையே கட்டி முடித்திருந்தார்கள்.

ஆசை சம்பந்தியுடையது, கை ஃபிட்டருடையது. கல்யாணம் முடிந்த மறுமாசமே "உங்களுக்கு இந்த ஸ்பானர் வேலையெல்லாம் அத்துபடியாமே" என்று சம்பந்தி கூப்பிட்டார். ஊருக்கு வெளியே கைவிட்டுப்போன ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகை. பெட்டி பெட்டியாக வந்த தகடுகளும் ஆணிகளும் ஞாயிறு தவறாமல் கூடிக் கூடி, இரண்டு பேர் உட்காரும் விமானமாகிவிட்டன. ஃபிட்டருக்கு வேலை பிடித்துத்தான் இருந்தது. பிடிக்காதது ஒன்றே ஒன்று. சம்பந்தி தப்பாகச் செய்தால் தப்பு என்று சொல்ல முடியாது. தலைகீழாக மாட்டிய பெட்ரோல் குழாயை, அவர் காபி குடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறார், தன் கொட்டகையில் தானே திருட வந்தவர் மாதிரி.

இன்றைக்கு முதன்முதலாக இன்ஜினை ஓட்டிப் பார்க்கிறார்கள். வாலைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியாயிற்று. மகள், குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, தீயணைக்கும் சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி இறக்கைக்கு அப்பால் நின்றாள். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். குழந்தை பிறந்ததும், "ஒரு வருஷம் போகட்டுமேம்மா" என்று சம்பந்தி சொன்னார். மூன்று வருஷம் போய்விட்டது. பழைய இடத்திலிருந்து இப்போது மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள், நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளும் இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாள். சம்பந்தி இரண்டு தரமும் "பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு இறக்கையைப் பற்றிப் பேசப் போய்விட்டார். கெட்ட மனுஷன் இல்லை. எல்லோருக்கும் சேர்த்துத் தானே யோசித்து முடித்துவிடுகிற மனுஷன். மருமகனோ அப்பா பேச்சைத் தட்டாதவன். "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா" என்று போன வாரம் போனில் அவள் கேட்டபோது இன்ஜின் ஓடட்டும், மனுஷன் குளிர்ந்திருக்கும்போது சொல்கிறேன் என்று ஃபிட்டர் வாக்குக் கொடுத்திருந்தார்.

அதனால்தான் அந்தக் குழாய் விஷயத்தையும் மென்று முழுங்கினார். எண்ணெய்த் தொட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய் அது. "இத நான் போடறேன்" என்று மூன்று வாரம் முன்னால் சம்பந்தி தன் கையாலேயே மாட்டியது. புதுக் குழாயின் இரண்டு வாயிலும் தூசி போகாமலிருக்கச் சிவப்பு பிளாஸ்டிக் அடைப்பு வைத்து அனுப்புவார்கள். இன்று காலை குப்பை டப்பாவில் ஃபிட்டர் பார்த்தது ஒன்றைத்தான்; சம்பந்தி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகராததால் கழற்றிப் பார்க்கவும் வழியில்லை.

"அந்த ஆயில் குழாய ஒருதரம் பாத்துக்கிட்டீங்கல்ல, சம்பந்தி?"

"பாக்காம இருப்பேனா? நேத்துகூட விசிறியக் கையால சுத்திப் பாத்தேன். ஆயில் அழுத்தம் காட்டற முள்ளு லேசா அசைஞ்சுதே."

"அப்படிங்களா."

லேசாக என்றால் எவ்வளவு லேசாக என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, உள்ளே பலகையில் இருக்கும் அந்த முள் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் போய் நின்றார்.

சம்பந்தி விலகச் சொல்லிக் குரல் கொடுத்தார். விமானத்தின் மூக்கிலிருந்த விசிறி இரண்டு தரம் சோம்பலாகத் திரும்பி நின்றது. மூன்றாவது தரம் இன்ஜின் தும்மி, உலுக்கி, பிடித்துக்கொண்டது. எங்கெங்கோ ஒட்டிக்கிடந்த பழைய கோழி இறகுகளெல்லாம் கிளம்பிக் கொட்டகை முழுக்கப் பறந்தன. இத்தனை எரிச்சலுக்கும் நடுவில் ஃபிட்டரின் கை செய்த பொருள் உயிரோடு கத்துகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது.

பிறகு முள்ளைப் பார்த்தார். அது பூஜ்யத்தில் கிடந்தது.

முப்பது விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிட்டால் உடனே அணைத்துவிட வேண்டும். சம்பந்தியே பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டியிருந்த விதி. ஃபிட்டர் மனதுக்குள் எண்ணினார். பத்து. சம்பந்தி முள்ளின் மேலிருந்த கண்ணாடியை விரலால் தட்டினார். பதினைந்து. அணைக்கச் சொல்லி ஃபிட்டர் கையை ஆட்டினார். சம்பந்தி உள்ளங்கையைக் காட்டி, பொறுங்கள், வரும் என்று தலையாட்டினார். இருபது. எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் தேய்கிறது. இப்போது கத்தினால் மனுஷன் முகம் சுருங்கும், மகள் விஷயம் அதோடு போச்சு. இருபத்தைந்து. இன்னும் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறார், படித்த மனுஷன்.

"யோவ், அணைய்யா. அறிவிருக்கா உனக்கு?"

முதல் பாதியிலேயே சம்பந்தியின் கை தன்னால் சுவிட்சுக்குப் போய்விட்டது. இன்ஜின் நின்றது. அதனால் பின்பாதி, சத்தமே இல்லாத கொட்டகையில், கணீரென்று விழுந்தது. இறகுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. மகள் அசையவில்லை.

ஃபிட்டர் யார் முகத்தையும் பார்க்காமல் போய்க் குழாயைக் கழற்றினார். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதும் சிவப்பு அடைப்பு வெளியே வந்து உருண்டது. சம்பந்தி இறங்கி வந்து அதைப் பொறுக்கினார். காது மடல் சிவந்திருந்தது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்ற மாதிரியா வச்சிருக்கீங்க? கேட்டேனே. பாக்காம இருப்பேனான்னீங்க."

சம்பந்தி அடைப்பை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டையும் பென்சிலையும் எடுத்து, பெட்டி ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

"நான் இதுல ஏறி மேல போகணும். வேற என்னெல்லாம் சொல்லாம விட்டிருக்கீங்க? எல்லாத்தையும் சொல்லுங்க."

ஃபிட்டர் சொன்னார். வலது பக்கத்து சீட் பெல்ட்டுக்குப் போட்டிருக்கும் போல்ட் நீளம் போதாது. இடது மிதியின் கம்பி தகட்டில் உரசுகிறது. பெட்ரோல் குழாய் தலைகீழாக இருந்தது, அதை நான்தான் திருப்பி மாட்டினேன். மூன்றாவதில் பென்சில் கொஞ்சம் நின்றது. பிறகு எழுதியது.

"அவ்வளவுதானா?"

இதைவிட நல்ல சமயம் வராது என்றும், இதைவிட மோசமான சமயம் இருக்கவே முடியாது என்றும் ஃபிட்டருக்கு ஒரே நேரத்தில் தோன்றியது. பெண்ணின் அப்பன் என்கிற பழைய பயம் வந்து குறுக்கே நின்றது.

"அவ்வளவுதான்" என்றார்.

"நாலாவது நான் சொல்றேன் மாமா" என்றாள் மகள்.

சம்பந்தி நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஃபிட்டரைப் பார்த்தார். ஃபிட்டர் தலையைக் குனியவில்லை. கனத்த சிலிண்டரை அவள் மெதுவாகத் தரையில் இறக்கி வைத்துவிட்டு, கைகளைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு நடந்து வந்தாள். சம்பந்தி நோட்டின்மேல் குனிந்து நான்கு என்று எழுதினார். பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பென்சில் நுனி அந்தப் புள்ளியின் மேலேயே, அவள் சொல்வதற்காகக் காத்து நின்றது.