நெருப்பு காட்டிய விளிம்பு

மார்ச் 25, செவ்வாய்

மாலை வகுப்பில் இன்று வரைவதற்கு ஆளுக்கொரு பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். கணினியில் பொறியியல் வரைபடம் கற்றுத்தரும் மூன்று மாத வகுப்பு இது. மற்றவர்கள் போல்ட்டு, கப்பி, கதவுக் கீல் என்று எடுத்துக்கொண்டார்கள். நான் நுரைக்குழாய் என்று எழுதிக் கொடுத்தேன். அது எதற்கு என்று சார் கேட்டார். மீன் தொட்டிக்கு என்றேன். பின் பெஞ்சில் சிரித்தார்கள். இன்னும் கொஞ்சம் விளக்கியிருக்கலாம். வாய் வரவில்லை. இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நான் தற்காலிக ஆய்வக உதவியாளர். நாலடி நீளமுள்ள ஒரு கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கடல்சாமந்தி, தோல் போலத் தடித்த இரண்டு மென்பவளங்கள் இருக்கின்றன. ஐந்தும் வெளிநாட்டுப் பண்ணையில் பிறந்து, உரிய தாள்களோடு வந்தவை. ஞாயிறுதோறும் வீரபாண்டியன்பட்டினத்தில் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது இரண்டு கேன் கடல்நீர் பஸ்ஸில் கொண்டுவருவேன். போன வாரம் கண்டக்டர் கேட்டார்: "இப்படிக் கொஞ்சங் கொஞ்சமா கடல எடுத்துட்டு வந்தா, ஊருல ஒங்க ஆளுக எதுல மீன் புடிப்பாவ?"

தொட்டியில் மீன் கழிவு கரைந்து அப்படியே நிற்கும். ஒரு குழாயின் அடியில் பொடிக் குமிழிகளை விட்டால் கழிவு குமிழியில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து நுரையாகும். நுரையைக் கிண்ணத்தில் பிடித்துக் கொட்டிவிடலாம். கடையில் வாங்கிய குழாய் ஜனவரியில் உடைந்தது. புதிது கேட்டு எழுதிய கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது. தண்ணீர் மஞ்சளாகிவிட்டது. தட்டு அகலத்துக்கு விரிந்துகொண்டிருந்த கடல்சாமந்தி, இப்போது மூடிய கை அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

துறைத் தலைவர் ஜயலக்ஷ்மி மேடம் நேற்றுக் கூப்பிட்டுச் சொன்னார். "ஏப்ரல் பதினாறு பல்கலைக்கழகக் குழு வருது. அன்னைக்குத் தொட்டி பளிச்சுனு உயிரோட இருந்தா இன்னும் ஒரு வருஷம் கேட்டுப் பார்க்கலாம். இந்த நிலைமையில இருந்தா மூடிட வேண்டியதுதான்மா."

மூடினால் என் வேலை போகும். அது பரவாயில்லை என்று எழுதினால் பொய். ஆனால் அந்த ஐந்துக்கும் போக இடமே இல்லை. வெளியிலிருந்து வந்தவற்றை நம் கடலில் விடக்கூடாது. வேறு தொட்டியும் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. ஆகவே நுரைக்குழாயை நானே அக்ரிலிக்கில் செய்யப் போகிறேன். முடியுமா என்று தெரியவில்லை.

மார்ச் 28, வெள்ளி

சமாதானபுரத்தில் ஒரு பெயர்ப்பலகைக் கடை. அக்ரிலிக் தகட்டில் எழுத்து வெட்டுகிற மாரிராஜ் என்பவரிடம் அளவைக் கொடுத்தேன். உருளைக் குழாய் கிடைக்காததால் சதுரப் பெட்டியாகச் செய்கிறேன். ஐம்பது சென்டிமீட்டர் உயரம், பன்னிரண்டு அகலம், ஐந்து மில்லிமீட்டர் தடிமன். அளவை மூன்று முறை சரிபார்த்தேன். கடைவாசலில் நின்று நாலாவது முறையும் பார்த்தேன்.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன எழுத்து டீச்சர்?"

"எழுத்து இல்லண்ணே. பெட்டி."

"நான் என்னமோ நாலு துணைக்கால் மட்டும் கேக்கீங்கன்னு நெனச்சேன். காலு மட்டும் வாங்கிட்டுப் போயி எந்த எழுத்துக்கு முட்டுக் குடுக்கப் போறீங்கன்னு யோசிச்சேன்."

நான் டீச்சர் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். கல்லூரி என்றதும் அவராக வைத்துக்கொண்டார்.

ஏப்ரல் 2, புதன்

பலகைகள் தயாராகிவிட்டன. மாரிராஜ் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்ததும் கண்ணாடி போல மின்னின. பரப்பு மட்டுமல்ல, விளிம்புகளும்.

"ரம்பம் போட்ட எடம் வெள்ளையா சொரசொரன்னு கெடந்துச்சு டீச்சர். அதோட குடுக்க மனசு வரல. நெருப்பு காட்டி வச்சிட்டேன். மத்தியானம் சாப்பிடக்கூடப் போகல. தொட்டுப் பாருங்க, வெண்ணெய் கணக்கா வழுக்கும்."

தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. "நல்லா இருக்குண்ணே," என்றேன்.

இதே குறிப்பேட்டில், எட்டுப் பக்கம் முன்னால், இணையத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறேன்: ஒட்டவேண்டிய விளிம்புக்கு நெருப்பு காட்டக்கூடாது. காட்டினால் உள்ளே இறுக்கம் ஏறும். ஒட்டும் மருந்து பட்டதும் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்டிருக்கிறேன். அந்தக் கடையிலிருந்து ஓர் எழுத்துகூட நெருப்பு காட்டாமல் வெளியே போவதில்லை. அது அவர்கள் கைப்பழக்கம். எழுத்து தண்ணீரைத் தாங்க வேண்டியதில்லை. காட்டாதீர்கள் என்று நான்தான் தாளில் எழுதியிருக்க வேண்டும். அளவை நாலு முறை பார்த்தேன். இதை எழுதவில்லை.

ஒவ்வொரு விளிம்பிலும் இரண்டு மில்லிமீட்டர் சீவித் தரச் சொன்னால் பத்து நிமிட வேலை. நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். இயந்திரம் சும்மா கிடந்தது. சாப்பிடாமல் செய்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? துணியில் திரும்பச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஒரு மாற்று வழி படித்தேன். பலகையை எண்பது டிகிரிச் சூட்டில் சில மணி நேரம் வைத்து, பைய ஆறவிட்டால் இறுக்கம் போய்விடுமாம். விடுதிக்கு அருகில் பேக்கரி வைத்திருக்கும் ஞானசிகாமணி அண்ணாச்சியிடம் கேட்டேன்.

"எம்பதா? எங்க அடுப்பு அணைச்சுப் போட்டாலே அதுக்கு மேல நிக்கும். பிளாஸ்டிக்கு உருகிச்சுன்னா அடுத்த நாளு பன்னத் திங்கவன் என்னயத் திம்பான்."

"அண்ணாச்சி, ஆறுறதே கிடையாதா?"

"தவக்காலம் முடியப் போகுதுல்லா, ஆர்டர் மேல ஆர்டர். பெரிய வெள்ளிக்கு மட்டுந்தான் அதுக்கு ஓய்வு. முந்துன நாள் அணைச்சிருவேன். அன்னைக்குக் கொண்டா, வச்சுத் தாரேன்."

பெரிய வெள்ளி பதினெட்டாம் தேதி. குழு வருவது பதினாறு.

அங்கிருந்து நேரே பெயர்ப்பலகைக் கடைக்குப் போனேன். சீவித் தாருங்கள் என்று கேட்டுவிடுவது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். என்னைக் கண்டதும் மாரிராஜ் அலைபேசியை நீட்டினார்.

"டீச்சர், ஒங்க பலகைய ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தேன். நாப்பது பேரு பாத்துட்டாவ. மொதலாளியே கூப்பிட்டு, ஏலே, இப்பதாம்லே தொழில் படிச்சிருக்கன்னு சொன்னாரு. பெட்டி ஒட்டியாச்சா?"

"இல்லண்ணே. நாளைக்கு ஒட்டணும்."

"அதச் சொல்லவா இம்புட்டு தூரம் வந்தீங்க?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். இணையத்தில் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் தவறாகவும் இருக்கலாம். இந்த வாக்கியத்தை நானே நம்பவில்லை.

ஏப்ரல் 5, சனி

ஒட்டினேன். பலகைகளை நிறுத்தி, நாடாவால் கட்டி, சேரும் இடத்தில் ஊசியால் குளோரோஃபார்மை விட்டால் அது தானாக இடுக்குக்குள் ஓடும். இரண்டு பலகையும் கரைந்து ஒன்றாகிவிடும். துறையில் பல வருடமாக உதவியாளராக இருக்கும் இன்பமணி அண்ணன் கதவருகில் நின்று பார்த்தார்.

"தவளைக்குக் குடுத்தது போதாதுன்னு இப்ப பிளாஸ்டிக்குக்குமா? பாத்து பிள்ள, நீ மயங்கி விழுந்தா ஒன்ன அறுக்க இங்க ஆளில்ல."

ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டியது. இதுவரை என் கையால் செய்தவற்றில் இதுதான் அழகு.

ஏப்ரல் 9, புதன்

நேற்றுக் காலை பத்து மணிக்குக் குழாய்த் தண்ணீரை நிரப்பி வைத்தேன். கீழே தாள் விரித்திருந்தேன். இன்று பத்து மணிக்குத் தாள் காய்ந்தே இருந்தது.

ஆனால் ஒட்டிய இடத்தை ஒட்டி, வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மட்டும், மெல்லிய கோடுகள் தெரிகின்றன. நகத்தால் கீறிப் பார்த்தேன். நகத்தில் தட்டுப்படவில்லை. கீறலென்றால் தட்டுப்படும். ஒரு பக்கத்தில் பதினேழு, மறுபக்கத்தில் பதினொன்று. இன்பமணி அண்ணனிடம் காட்டினேன்.

"எங்கன?"

"இங்கன பாருங்கண்ணே. வரி வரியா."

"ஒனக்குக் கண்ணு பூத்துப்போச்சு. ஒழுகுதா?"

"இல்ல."

"பொறவு என்னத்துக்கு எண்ணிக்கிட்டு இருக்க? எண்ணுனா கூடத்தான் செய்யும்."

பெரிய வெள்ளிவரை பொறுக்கலாமா என்று மேடத்திடம் கேட்கப் போனேன். குழு வருவதற்கான கோப்புகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். "என்னம்மா, ரெடியா?" என்றார். ரெடி மேடம் என்றேன்.

ஏப்ரல் 12, சனி

காலை பதினொன்றே காலுக்கு நுரைக்குழாயைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி இணைத்தேன். தொட்டித் தரையில் கிடக்கும் மோட்டார் தண்ணீரை அதற்குள் தள்ளும். சுத்தமானது திரும்ப வந்து விழும். முதல் அரை மணி நேரம் வெறும் குமிழிகள். பிறகு கழுத்தில் நுரை ஏறியது. முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள். ஒரு மணிக்குக் கிண்ணத்தில் கட்டன் காபி நிறத்தில் இரண்டு விரற்கடை நின்றது. நாற்றம் தாங்கவில்லை. இன்பமணி அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இம்புட்டு நாளும் இதையா அதுக குடிச்சிச்சு?" என்றார்.

மூன்றரைக்குக் கடல்சாமந்தி விரிய ஆரம்பித்தது. முழுதாக இல்லை, சாசர் அளவுக்கு. பெரிய கோமாளி மீன் ஒரு சுற்றுச் சுற்றி வந்து அதற்குள் படுத்தது. ஜனவரிக்குப் பிறகு இன்றுதான்.

நாளை குருத்து ஞாயிறு, திங்கள் விடுமுறை. இரண்டு நாளும் ஓடினால்தான் புதன்கிழமைக்குத் தண்ணீர் தெளியும். நிறுத்திவிட்டுப் போவதா, ஓடவிடுவதா என்று கதவைப் பூட்டிய பிறகும் நின்றேன். ஓடவிட்டுப் போனேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலை எட்டே முக்காலுக்கு இரண்டு கேனோடு ஆய்வகத்துக்கு வந்தேன். நடைபாதையிலேயே செருப்பு ஒட்டியது. தரையில் உப்புப் பொரிந்து கிடந்தது. கதவைத் திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

நுரைக்குழாயின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை வாய் பிளந்திருந்தது. மோட்டார் தொட்டித் தண்ணீரையெல்லாம் தள்ளித் தள்ளித் தரையில் விட்டிருக்கிறது. தொட்டியில் மூன்று விரற்கடைத் தண்ணீர் மிச்சம். அதிலும் மோட்டார் காய்ந்து ஓடிய சூடு. மென்பவளங்கள் இரண்டும் தண்ணீருக்கு மேலே, வெயிலில் போட்ட தோலைப் போல இருந்தன. கடல்சாமந்தி கூழாகிவிட்டது. பெரிய மீன் அதன் பக்கத்தில் கிடந்தது. சின்ன மீன் மூலையில் சாய்ந்து கிடந்து செவுளை அசைத்தது. அதை வாளியில் விட்டு, கொண்டுவந்த கேனைத் திறந்து, காற்றுக் குழாயைப் போட்டேன்.

பிளந்த விளிம்பைத் துடைத்துப் பார்த்தேன். இன்னும் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

நண்பகலில் மாரிராஜ் போன் செய்தார். "டீச்சர், நாளைக்குத்தான பெரிய ஆளுகல்லாம் வாராவ? நம்ம பெட்டி எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுண்ணே."

"ஒரு படம் அனுப்புங்க."

அனுப்புகிறேன் என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

குழு வந்தது. நேற்று மாலையே தொட்டியைத் துடைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருந்தோம். மூன்று பேர். பதிவேடுகளைப் பார்த்தார்கள். ஒருவர் துணியைக் காட்டி, "இது என்ன?" என்றார். "பழைய தொட்டி சார், மூடுறோம்," என்றார் மேடம். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார். முக்கால் நிமிடம்கூட இருக்காது.

பிறகு மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கோடுகளைப் பார்த்ததையும் பெரிய வெள்ளிக்குக் கிடைக்கும் அடுப்பையும் சொல்லிவிட்டு, திட்டுவார் என்று நின்றேன்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு நாள் பொறுத்திருக்கலாமேம்மா. நுரைக்குழாய் தயாராகிட்டு இருக்குன்னு குழுகிட்ட நானே சொல்லியிருப்பேன்."

திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

எங்கள் துறையில் செத்ததை வீணாக்குவதில்லை. குப்பியில் போட்டு ஃபார்மலின் ஊற்றி அலமாரியில் வைப்பார்கள். இன்பமணி அண்ணன் நாலு குப்பிகளைக் கழுவிக் கொண்டுவந்தார். கூழாகிப்போன கடல்சாமந்தியை வடிகட்டியில் அள்ளி ஒன்றில் போட்டேன். அது என்னவென்று இனிச் சீட்டைப் படித்தால்தான் தெரியும்.

அச்சடித்த சீட்டில் நாலு வரிகள் உண்டு. பெயர், கிடைத்த இடம், தேதி, சேகரித்தவர். கிடைத்த இடம் என்பதில் பாளையங்கோட்டை என்று எழுதச் சொன்னார். கடைசி வரியில் என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"யாரு குப்பியில போடுதாவளோ அவுக பேருதான். இங்க அதான் வழக்கம்."

நாலு சீட்டிலும் என் பெயரை, ஆன்லின் என்று எழுதினேன்.

அவர் போய் இன்னொரு குப்பியும் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "மேடம் சொன்னாவ. சனிக்கெழமயோட இந்த ரூமைப் பூட்டுதாவளாம். வாளிய எங்கன வைப்ப?"

விடுதியில் வைக்க விடமாட்டார்கள். வீட்டுக்கு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோகலாம். அங்கே தொட்டி இல்லை, நுரைக்குழாய் இல்லை. ஒரு வாரம் தாங்கும், அதிகம் போனால் பத்து நாள். யோசித்தவற்றையெல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன்.

வாளிக்கு மேல் குனிந்தபோது சின்ன மீன் இரை போடுகிறேன் என்று நினைத்து மேலே வந்து வாயைத் திறந்தது. ஐந்தாவது சீட்டை எடுத்துப் பெயர், இடம், சேகரித்தவர் மூன்றையும் எழுதிவிட்டேன். தேதி எழுதவில்லை.