பச்சைப் பொட்டலம் தின்றவள்

தைவானின் கீலுங் துறைமுகத்தில் மழை ஓய்ந்ததை நேரில் பார்த்தவர் எவரும் இன்று உயிரோடு இல்லை. அங்கே தவளைக்கும் ஜலதோஷம் உண்டு. அப்படியொரு மழைவிடியலில், தனியார் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், புதிதாக வேலைக்கு வந்த செவிலி பெய்-யுன் எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் ஈய அங்கியை எடுத்துத் தோளில் மாட்டினாள். கொழுத்த பன்றி ஒன்று முதுகில் ஏறி உட்கார்ந்ததுபோல் முழங்கால் மடங்கியது. அந்தப் பன்றியோடுதான் மாலைவரை நிற்க வேண்டும்.

தாளம் தப்பிய இதயங்களைச் சரிசெய்யும் அறை அது. எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே, தொடையிலிருந்து ரத்தக்குழாய் வழியே மெல்லிய கம்பிகளை இதயத்துக்குள் ஏற்றுவார்கள். பதுங்கிக் கிடக்கும் கெட்ட துடிப்பை வேண்டுமென்றே உசுப்பி, அது கிளம்பும் இடத்தைச் சுடுவார்கள். புற்றைக் குத்திப் பாம்பைக் கிளப்புகிற வேலை. கம்பிகளை அலசி அடுக்குவது, மார்பில் மின்னதிர்ச்சிப் பட்டைகளை ஒட்டுவது, மயக்கமருந்து, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் முன்பு இரண்டு செவிலிகள் பார்த்த வேலை. புத்தாண்டு விருந்தின் ஏப்பம் அடங்குமுன் இயக்குநர் காவ் ஓர் ஆளைக் குறைத்துவிட்டார். மிச்சமிருப்பவளுக்குக் கூடுதலாய் இரண்டு கை முளைக்கும் என்று நம்பினார் போலும்.

எக்ஸ்ரே மெஷினின் தலையில் ஒரு பச்சைப் பொட்டலம் வீற்றிருந்தது. தேங்காய் வாசம் வீசும் சோளப்பொரி. ‘சமத்தாயிரு’ என்று பொருள்படும் பேர்கொண்ட அது மேலே இருந்தால்தான் மெஷின் அடங்கி நடக்கும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பச்சைதான் வேண்டும், மஞ்சளை வைத்தால் மெஷின் முரண்டு பிடிக்கும். காலாவதியாகுமுன் மாற்றிவிட வேண்டும். பிரிக்கவே கூடாது.

ஆனால் மெஷின் பல மாதமாக இருமிக்கொண்டிருந்தது. திரை கண்ணை மூடி மூடித் திறந்தது. அதை இயக்கும் ஆ-குவெய், புகார் சொல்லக் காவ் இருக்கும் மேல்மாடிக்குப் படியேறியே இரண்டு அங்குலம் குட்டையாகிப்போனார். காவ் கடைசியில் சொன்ன பதில்: "இன்னொரு பொட்டலம் வைங்கய்யா!"

அன்றைய முதல் சிகிச்சையே பிற்பகல்வரை இழுத்தது. அடுத்த நோயாளியான கணவாய் மீன் பிடிக்கும் முதியவரை அழைத்துவரப் போயிருந்தார்கள். பெய்-யுன்னுக்குக் கண் இருட்டியது. கீழே போய் ஒரு கிண்ணம் மீனுருண்டைச் சூப்புக் குடிக்கலாமென்றால் மாற்றி விட ஆளில்லை. கை தானாக மேலே போனது. பர்ரென்று பொட்டலம் பிரிந்த சத்தம் கடல் தாண்டி ஓகினாவாத் தீவுவரை கேட்டிருக்கும்.

ஆள்குறைப்பில் வார்டுக்கு மாற்றப்பட்ட மூத்த செவிலி ஹுய்-சென் வாசலில் உறைந்து நின்றாள்.

"அடிப்பாவி! மெஷினோடதையா தின்னே?"

"பசிக்குதுக்கா."

"எனக்கும்தான் பசிக்குது. அதுக்காக இதையா? இன்னிக்கு என்ன ஆகப்போகுதோ!"

ஆனது. கம்பிகள் இதயத்துக்குள் போய், கெட்ட துடிப்பு கிளம்பிய நொடியில் திரை கறுத்தது. மறுபடி கண் திறக்கவில்லை. கம்பிகளைச் செலுத்திக்கொண்டிருந்த டாக்டர் யாவின் கைகள் குருடாயின. முதியவரின் இதயம் வெறிபிடித்து ஓடியது. ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தது. தாடையைத் தூக்கி மூச்சுவிடச் செய்ய ஒரு கை, மருந்துக்கு ஒரு கை, மின்னதிர்ச்சிக்கு ஒரு கை. பெய்-யுன்னிடம் இருந்தவை இரண்டே.

"தள்ளி நில்லுங்க எல்லாரும்!" என்று கத்தியபடி மின்னதிர்ச்சிப் பொத்தானை அமுக்கினாள்.

முதியவரின் உடல் துள்ளி விழுந்தது. பிறகு ஓர் அமைதி. மழைகூட நின்று எட்டிப் பார்த்தது. டக். டக். டக். இதயம் தாளத்துக்கு வந்தது.

"என் படகுகூட இப்படித் தூக்கிப் போட்டதில்லம்மா," என்றார் கிழவர், கண் விழித்ததும்.

மறுநாள் விடிந்ததும் காவ் தாமே இறங்கி வந்தார். அவர் கீழிறங்கினால் யாராவது ஒருவர் வெளியேறுவது வழக்கம்.

"அறைக்குள்ள தீனி தின்னது நீதானே? கிழவர் செத்திருந்தா யார் பதில் சொல்றது? இன்னிக்கே கிளம்பு." பிறகு ஹுய்-சென் பக்கம் திரும்பினார். "நீ கண்ணால பாத்தவம்மா. அவர் வீட்டாளுங்க வர்றாங்க. இவ தின்னுக்கிட்டு நின்னதாலதான் இப்படி ஆச்சுன்னு சொல்லிடு."

பெய்-யுன் ஹுய்-சென்னைப் பார்த்தாள். நேற்று அடிப்பாவி என்ற வாய் இன்று என்ன சொல்லுமோ!

"தின்னா சார், பாத்தேன்," என்றாள் ஹுய்-சென். "அப்ப நோயாளி அறைக்குள்ளயே வரல. பொரியைத் தின்னதால மெஷின் நின்னுச்சுன்னா, இத்தனை நாள் பொரியை வச்சுத்தான் ஓட்டினோம்னு அவங்ககிட்ட சொல்லணும். சொல்லட்டுமா?"

காவின் காது சிவந்தது.

மெஷினைச் சாந்தப்படுத்த ஹுய்-சென் பையில் புதுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். எடுத்தாள். பர்ர்! ஒரு பிடி வாயில் போட்டு ஆ-குவெயிடம் நீட்டினாள். அவர் விஷம் குடிப்பவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு மென்றார். டாக்டர் யாவ் காவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ஒன்றே ஒன்று எடுத்துக்கொண்டார். அறை முழுக்க மொறுமொறு.

"இப்ப நாலு பேரையும் அனுப்புங்க சார்," என்றாள் ஹுய்-சென்.

"பைத்தியமா உங்களுக்கு? இனி மெஷின் எப்படி ஓடும்?"

"ரிப்பேர் பண்ணினா ஓடும் சார்," என்றாள் பெய்-யுன். அவள் குரல் அவளுக்கே புதிதாயிருந்தது.

"ரெண்டாவது ஆள் வரணும், மெஷின் சரியாகணும்," என்றார் ஆ-குவெய். "அதுவரைக்கும் தேதி வாங்கி வர்றவங்களுக்குக் கதவு திறக்காது. அவசரக் கேஸை நாங்களே தைபெய்க்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்."

"பாக்கிறேன்," என்று லிஃப்டில் ஏறினார் காவ். கதவு மூடியது.

நான்கு ஈய அங்கிகளும் கொக்கியில் தொங்கின. மெஷினின் தலை வெறிச்சென்றிருந்தது. வெளியே மழை வலுத்தது. உழைப்பவர்களுக்கு வேலைசெய்வதைவிடக் கையைக் கட்டிக் காத்திருப்பது கடினம்.

சுவரில் போன் அலறியது. மேல்மாடி.

பெய்-யுன் எட்டி எடுக்கப்போனாள்.

"தனியா எடுக்காதடி," என்றாள் ஹுய்-சென்.

நான்கு பேரும் போனைச் சுற்றித் தோளோடு தோள் நெருங்கினார்கள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று பெய்-யுன் ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"நாங்க பேசறோம், சொல்லுங்க."