ஆள் உயரத்தில் அடித்த தகரம்

மரம் விழுந்து கிடந்தது.

இராஜேந்திரன் கையிலிருந்த தேநீர்க் குடுவையைப் புல்லில் வைத்தாரா, நழுவவிட்டாரா என்பது அவருக்கே தெரியவில்லை. நேற்று மாலைவரை ஓடைக்கரையில் நிமிர்ந்து நின்ற வில்லோ மரம் அது. இப்போது முழங்கால் உயரத்துக்கு ஓர் அடிக்கட்டை மட்டும், சீவிய பென்சில்போல் கூராக நின்றது. சுற்றிலும் வெள்ளைச் சிராய்கள்.

அவர் அடித்த தகரம் மட்டும் ஒரு கீறல் இல்லாமல் மினுங்கியது.

பிழை எங்கே என்று அந்தக் கணமே புரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் தென்னைக்கு எலி ஏறாமலிருக்க உயரத்தில் தகரம் அடிப்பார்கள். ஏறுகிற எலி அதில் வழுக்கித் திரும்பிவிடும். அறுபத்து மூன்று வயதிலும் அவர் கைக்கு வேறு முறை தெரியாது. வெம்பிளிக் கடையில் வாங்கிய எண்ணெய் டின்னை வெட்டி, ஆள் உயரத்தில் மரத்தைச் சுற்றி எட்டு ஆணி அடித்திருந்தார். ஆனால் இந்த ஓடையில் வாழும் பீவர், மரம் கொறிக்கும் அந்தப் பெரிய நீர்ப்பிராணி, மரம் ஏறுகிறது அல்ல. நிலத்தில் நின்றபடியே அடியைக் கடித்துச் சாய்த்துவிடும்.

இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆறு மாதமாக இந்த ஈரநிலத்தில் அவரும் ஒரு தொண்டர். நானூறு வருடங்களுக்கு முன் இந்த நாட்டில் வேட்டையாடி அழித்த பீவரை, மறுபடி கொண்டுவந்து வேலிக்குள் விட்டிருந்தார்கள். அவை அணை கட்டும், தண்ணீர் தேங்கும், தவளையும் பறவையும் திரும்பும், மழைக்கு மேற்குப் பக்கத்துத் தெருக்களில் வெள்ளம் ஏறாது. காக்கவேண்டிய மரங்களின் அடியில் கம்பிவலை சுற்றுவது அவருடைய சனிக்கிழமை வேலை. எண்பது மரங்களுக்குச் சுற்றியிருப்பார். சொந்த மரம் என்று வந்ததும் புத்தி பின்னுக்குப் போய், பழைய பழக்கம் முன்னுக்கு வந்துவிட்டது.

அந்த மரம் பட்டியலில் இல்லை. பொறுப்பாளர் பெனிற்றா, ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய தமிழ்ப் பெண், மூன்று தடவை மறுத்துவிட்டாள். வில்லோதான் அவற்றின் சாப்பாடு, அதற்கும் வலை போட்டால் அதுகள் மக்டொனால்ட்ஸுக்கா போவது என்று கேட்டாள். அவர் காரணம் சொல்லவில்லை. யாரும் வராத விடியலில் தகரத்தோடு வந்தார்.

காரணம் சந்திரவதனா.

கொரோனாக் காலம். நடக்க மட்டும் அனுமதி. ஓடைக்கரையில் கிடந்த ஒரு பச்சைத் தடியை எடுத்துச் சேற்றில் குத்தினாள் அவர் மனைவி. "இது பிடிச்சுதெண்டால் டொக்டர் சொன்னது பிழை" என்றாள். தடி தளிர்த்தது. அடுத்த வருடம் ஒப்பரேசனுக்குக் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். கோயிலில் கட்டிய சிவப்பு நூலைக் கழற்றி, அந்த மரத்தின் சின்னக் கிளையில் தளர்வாக முடிந்தாள்.

"வந்து நான்தான் அவிழ்ப்பன். நீங்கள் தொடக்கூடாது."

வரவில்லை. அவரும் தொடவில்லை. நான்கு வருடம், நூல் வெளிறி ரோஜா நிறமாகும்வரை.

இப்போது அந்தக் கிளையைக் காணவில்லை.

விழுந்த மரத்தை முழங்காலிட்டுத் தடவிப் பார்த்தார். கிளை இருந்த இடத்தில் ஈரமான வெட்டுமுகம். அதிலிருந்து ஓர் இழுவைத் தடம், சேற்றில் கோடு போட்டதுபோல் தண்ணீரை நோக்கிப் போனது. கரையோரமாகத் தடத்தின் திசையில் நடந்தார். அறுபதடி தள்ளி அணை. சுள்ளியும் சேறும் கல்லுமாக ஓடையை மறித்து நின்றது. அதன் நடுவில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, வெளிறிய முடிச்சு ஒன்று.

சப்பாத்தோடு இறங்கினார். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. குளிர் எலும்பில் ஏறியது. கிளையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார்.

அசைந்தது.

அடுத்த கணம் அந்த இடுக்கால் தண்ணீர் சீறியது. சேறு கரைந்தது. பக்கத்துச் சுள்ளி ஒன்று பிய்ந்து போனது. கை அகல ஓட்டை, பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு கை அகலமானது.

"அங்கிள்!"

கரையில் பெனிற்றா. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ. தகரத்தையும் பார்த்திருப்பாள்.

"இழுக்காதேங்கோ. அது போனால் மற்றதெல்லாம் பின்னால போயிடும்."

"இது அவ கட்டினது, பிள்ளை." முதல் தடவையாகச் சொன்னார். மரம், தடி, ஒப்பரேசன், எல்லாம் நாலு வரியில் முடிந்துவிட்டது. வாயால் சொன்னபோது இவ்வளவு சின்னதாக இருந்தது அவருக்கே ஆச்சரியம்.

பெனிற்றா தண்ணீர் விளிம்புவரை வந்தாள். "இதை முதலே சொல்லியிருந்தால் நானே வலை சுத்தியிருப்பனே," என்றாள். பிறகு, "கிளையை விடுங்கோ. நூலை மட்டும் அவிழ்த்துக்கொண்டு வாங்கோ."

விரல் முடிச்சில் இருந்தது. ஒரு இழுவையில் கையோடு வந்துவிடும். வீட்டில் அவள் படத்துக்குக் கீழே வைக்கலாம்.

"ஏலாது," என்றார். "தான் வந்துதான் அவிழ்ப்பன் எண்டவ."

கிளையை இருந்த இடத்திலேயே தள்ளிச் செருகினார். அடியிலிருந்து சேற்றை அள்ளி அப்பினார். நிற்கவில்லை. மறுபடி அள்ளினார். பெனிற்றாவும் இறங்கிவிட்டாள். இருவருமாக ஒரு மணிநேரம் அப்பியும் ஒரு சின்னக் கசிவு மட்டும் அடங்கவில்லை.

அதை விடுங்கோ, அந்தச் சத்தம் கேட்டால் அதுகள் தாங்களாக வந்து அடைக்கும் என்றாள்.

வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு, மாலையில் கரைக்கு வந்து உட்கார்ந்தார். மடியில் எண்ணெய் டின் தகரம். வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வந்தது. கசிவின் எதிரே நின்று சத்தத்தைக் கேட்டது. முழுகியது. நெஞ்சோடு சேற்றை அணைத்துக்கொண்டு மேலே வந்து, முடிச்சுக்குச் சற்றுக் கீழே வைத்து அழுத்தியது. மறுபடி முழுகியது.

ஐந்தாவது தடவையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. நூல் ஈரத்தில் கொஞ்சம் சிவந்திருந்தது.

இராஜேந்திரன் எழும்பவில்லை.