ஒரு சாய்கோட்டுக்காக நடந்த சண்டை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ஃபிளாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம், கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வந்திருந்த கிஷனைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். 'மோரா' என்று ஓர் இயங்குதளம். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஐம்பது பேர்தான் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு கிறுக்குகள் நாங்கள். கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கும் 'கிட்' அதில் ஓடாது. ஓட வைக்கிறோம் என்று பல மாதமாக மாரடித்தோம். சாயங்காலத்துக்குள் எங்கள் இருவர் கணினியிலும் சோதனை தேறினால் புதிய வெளியீட்டில் சேர்ப்பதாக, மோராவைக் கவனிக்கும் பின்லாந்துக்காரர் சொல்லியிருந்தார். கணினியில் நாங்கள் வைத்திருக்கும் பெயர் அப்படியே வெளியீட்டிலும் வரும்.

கிஷனுக்கு அந்தப் பெயர்தான் முக்கியம். போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டும் அவன் அப்பா விஜயன், சம்பளம் இல்லாத வேலைக்கு ஏன் இப்படிக் கிடந்து சாகிறாய் என்று தினமும் கேட்பார். பேர் வரும் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

என் கணினியில் எல்லாம் தேறியது. அவனுடையதில் ஒன்றுகூடத் தேறவில்லை. எதையோ மாற்றித் தொலைத்திருக்கிறான் என்று கத்தினேன். பாவம், நான் வாங்கி வைத்த வடையைத் தின்றுகொண்டிருந்தான்.

கத்தி முடித்துத் திரையைப் பார்த்தால், 'கிஷன் ஏ' என்று ஒரு கோப்புறை. அதற்குள்ளே 'எல் விஜயன்' என்று இன்னொன்று. எனக்குப் புரிந்துவிட்டது. பயனர் பெயரில் கோப்புறை உண்டாக்கும் பகுதி நான் எழுதியது. சோம்பேறித்தனமாக 'வாணி' என்று என் பெயரை மட்டும் போட்டுச் சோதித்திருந்தேன். இவனோ அடையாள அட்டையான ஐசியில் இருக்கிறபடி 'கிஷன் ஏ/எல் விஜயன்' என்று, அதாவது விஜயன் மகன் கிஷன் என்று, ஒழுங்காகப் போட்டிருக்கிறான். நடுவில் சாய்கோட்டைக் கண்ட கணினி, ஒரு கோப்புறைக்குள் இன்னொன்று என்று நினைத்து அப்பனையும் மகனையும் பிரித்துவிட்டது. என் ஐசியிலும்தான் 'மகள்' என்பதற்கு ஏ/பி இருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. நன்றாக வேண்டும் எனக்கு.

பின்லாந்துக்காரருக்கு எழுதினோம். சாய்கோட்டையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் எடுத்துவிட்டால் ஓடுமே என்று உடனே பதில் போட்டார். கிஷன் தலையாட்டிவிட்டான்.

"வெறும் கிஷன்னே போட்டுக்கலாம்க்கா. டைம் இல்ல லா."

"அப்பாகிட்டதானே பேரு வரும்னு சொன்னே? அவரையே வெட்டிட்டு எதைக் காட்டுவே? தப்பு என்னோடது. நகரு."

கோப்புறைக்குப் பெயரை எடுத்துவிட்டு எண் வைத்தேன். இனி எவனும் இதைக் கெடுக்காமல் இருக்க ஒரு புதுச் சோதனையையும் சேர்த்தேன். அதில் பயனர் பெயர் 'கிஷன் ஏ/எல் விஜயன்'. இரண்டு கணினியிலும் தேறியது. பின்லாந்துக்காரர் ஏற்றுக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காயமும் உரிக்கவில்லை, சாக்குச் சொல்ல.

கிஷன் அப்பாவுக்கு ஸ்பீக்கரில் போட்டான். இனிமேல் மோராவில் யார் எதை மாற்றினாலும், அப்பா பெயர் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள் என்று விளக்கினான். லோரி இரைச்சலுக்கு நடுவே அவர் கேட்டார்.

"மொத்தம் எத்தன பேருடா அத வச்சிருக்காங்க?"

"அம்பது பேர் இருக்கும்ப்பா."

"போதும்டா. இங்க யார்டுல எல்லாரும் லோரி நம்பர் சொல்லித்தான் என்னைக் கூப்புடுறாங்க."