பிரிக்கக் கூடாத புடவை

பொட்டலத்தைக் கையில் வாங்கியதுமே விக்னேஷுக்கு முதல் சந்தேகம் வந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. ஒரு பட்டுப்புடவை கையில் எப்படி உட்காரும் என்று அவனுக்குத் தெரியும். இது புடவை மட்டும் இல்லை. உள்ளே வேறு எதுவோ இருந்தது.

"மருமகளுக்கு வளைகாப்புப் புடவைப்பா," என்றார் தணிகாசலம். முசரவாக்கத்துக்காரர், கட்சியில் நாலு பேருக்குத் தெரிந்த முகம். "அருளு ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான். நீ பெட்டியில வெச்சிக்கினு போனா போதும்."

மாலையில் விமானம். சாப்பிட்டதும் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்ப வேண்டும். துபாயில் ஏசி மெக்கானிக் வேலை, முதல் வெளிநாட்டுப் பயணம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தணிகாசலத்தின் மகன் அருள்தான். அதனால்தான் நாக்கு நுனிக்கு வந்த கேள்வி அங்கேயே நின்றது.

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தான். வெள்ளைத் துணியில் சுற்றி, நான்கு பக்கமும் நெருக்கமாகத் தைத்திருந்தது.

"எதுக்கு மாமா தெச்சிருக்கீங்க?"

"அம்மன் பாதத்துல வெச்சி எடுத்ததுபா. கட்டிக்கப் போறவ கைதான் பிரிக்கணும்."

"வேற இன்னா இருக்குது உள்ள?"

"உங்க அத்த எதுனா வெச்சிருப்பா. பொம்பளைங்க சமாச்சாரம், நான் இன்னாத்த கண்டேன்?"

இரண்டாவது சந்தேகம். கொண்டு வந்தவருக்கே உள்ளே இருப்பது தெரியாது. அல்லது தெரியாத மாதிரி பேசுகிறார். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பார்வை வாசல் பக்கம் போய் வந்தது. யாரோ கொடுத்த பார்சலைச் சுமந்து போய் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் படித்ததெல்லாம் விக்னேஷின் நினைவில் வரிசை கட்டியது. அங்கே சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து கேட்டால், 'தெரிந்த மாமா கொடுத்தார்' என்ற பதில் எடுபடுமா? பெட்டி யாருடையதோ அவன்தான் உள்ளே போவான்.

"பிரிச்சிக் காட்டுங்க மாமா."

தணிகாசலத்தின் முகம் சுண்டியது. சமையலறையிலிருந்து விக்னேஷின் அம்மா கலைவாணி ஓடி வந்தாள்.

"டேய், வேல வாங்கிக் குடுத்தவங்கடா. அண்ணா, நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

"வேற எப்படிமா எடுத்துக்கறது? வீடு தேடி வந்தவன கடத்தல்காரன் மாதிரி நிக்க வெச்சி கேக்கறான். எதிர்க்கட்சிக்காரன்கூட என்னை இப்படிக் கேட்டதில்ல."

"பிரிக்கலன்னா எடுத்துக்கினு போக மாட்டேன்," என்றான் விக்னேஷ். பிடி தளரவில்லை.

தணிகாசலம் போனை எடுத்து மகனை வீடியோவில் பிடித்தார். "நீ வேல வாங்கிக் குடுத்த ஆளு பேசறத கேளுடா."

அருள் நடந்ததைக் கேட்டுக்கொண்டான். "பிரிங்கப்பா," என்றான்.

"அம்மன் பாதத்துல வெச்சதுடா."

"இங்க கஸ்டம்ஸ்ல பிரிச்சா எவன் எவன் கையோ படும். அதுக்கு விக்னேஷ் கை தேவலை."

கத்தரிக்கோல் வந்தது. தையல் அறுந்தது. அரக்கு நிறப் புடவை. மடிப்புக்குள் கண்ணாடி வளையல்கள். அடியில், துணி சுற்றிய கெட்டியான ஒன்று. விக்னேஷ் துணியை விலக்கினான். கல். பிறக்கப் போகும் குழந்தைக்கு மருந்து உரைத்துக் கொடுக்கிற கல்.

"துபாய்க்குக் கல்லு அனுப்புறீங்களாப்பா?" அருள் தலையில் அடித்துக்கொண்டான்.

"இப்ப திருப்தியாபா?" என்று விக்னேஷைக் கேட்டார் தணிகாசலம். அவன் குனிந்து வளையல்களைப் பொறுக்கிப் புடவை மேல் வைத்தான்.

"அவன் செஞ்சது ரைட்டுப்பா," என்றான் அருள். "விக்னேஷ், உன் பெட்டிய யாரு அடுக்குனது?"

"அம்மாதான்."

"அதையும் கொட்டு."

"எங்கம்மா வெச்சதுண்ணா."

"அதனாலதான் சொல்றேன். நீ பாத்திருக்க மாட்ட."

பெட்டி கவிழ்ந்தது. லுங்கி, ஊறுகாய், பருப்புப்பொடி. சுருட்டி வைத்த துண்டிலிருந்து ஒரு பாலிதீன் பொட்டலம் நழுவி விழுந்தது. உள்ளே மணல் போல் வெளிறிய பொடி விதைகள்.

திரையில் அருளின் முகம் மாறியது. "கிட்ட காட்டு. கசகசாவா அது?"

"குருமாவுக்குப்பா," என்றாள் கலைவாணி. "அங்க கெடைக்காதுன்னு சொன்னாங்க."

"கெடைக்காது அத்த. அபினிச் செடியோட வெத அது, இங்க போதைப்பொருள் கணக்கு. முன்ன என் ரூம்ல இருந்தவன் இத எடுத்துக்கினு வந்து, ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஜெயிலுக்குப் போனான்."

"முக்குக் கடையில கேட்டா மடிச்சிக் குடுக்கறான். இதுல இன்னாபா போத?"

"அங்க விக்கலாம். இங்க கொண்டாரக் கூடாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேற அத்த."

கலைவாணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். கொட்டிக் கிடந்த சாமான்களிலிருந்து மசாலாத்தூள் டப்பாவை எடுத்தாள். "அருளு, இதுல சேத்து அரைச்சிருந்தாலும் தப்பா?"

"அரைச்சாலும் அதேதான்."

டப்பாவைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விக்னேஷ் கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்தான். தணிகாசலத்தின் கண் போன போக்கைக்கூட விடாமல் சந்தேகப்பட்டவன், அம்மா மூடிய பெட்டியை ஒரு தடவைகூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

"மாமா, மன்னிச்சிக்கங்க."

"விடுபா. எங்கிட்ட கேட்ட கேள்விய உங்கம்மாகிட்டயும் கேட்டிருக்கணும், அவ்ளோதான்." தணிகாசலம் கசகசாப் பொட்டலத்தை எடுத்தார். "குருமாவ எங்க வீட்ல வெச்சிக்கறோம்மா." யாரும் சிரிக்கவில்லை. அவரே ஊசி நூல் கேட்டார்.

"தெக்க வேணாம் மாமா. தெறந்தே இருக்கட்டும்."

விக்னேஷ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தானே பெட்டியை அடுக்கினான். கலைவாணி அதில் கை வைக்கவில்லை. அவன் பூட்டும்போது சொன்னாள்.

"ஆசையா வெச்சாங்களா, சூதா வெச்சாங்களான்னு எந்த ஆபீசரும் கேக்கப் போறதில்லடா. பெத்தவளே வெச்சாலும் சரி, பிரிச்சிப் பாக்காம, போற ஊரு சட்டம் இன்னான்னு விசாரிக்காம, ஒரு பொருளையும் உன் பெட்டியில ஏத்தாத."